பாறை வெட்டினால் அலுக்கவில்லை, ஆபீசில் ஏன் அலுக்கிறது?

கேள்வி: சார், எனக்கு டேட்டா என்ட்ரி வேலை. மதியமே கண் சொருகுது. ஆனா ராத்திரி ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்னு ஒரு கம்ப்யூட்டர் கேம்ல ஒரே பாறையை இருநூறு தடவை வெட்டுறேன், அலுக்கவே மாட்டேங்குது. நான் சோம்பேறியா?

பதில்: இல்லவே இல்லை தம்பி. சோம்பேறி இருநூறு தடவை வெட்ட மாட்டான். இரும்புப் பாறையை வெட்டியதும் பையில் ஒரு தாதுக்கட்டி விழுகிறது, 35 புள்ளி ஏறுகிறது. அடுத்த வெட்டுக்குக் கை போகும் முன்பே முந்தையது வீணில்லை என்று தெரிந்துவிடுகிறது. நீங்கள் தட்டிய ஆயிரம் வரி எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஆபீசில் யாராவது சொன்னதுண்டா?

ஏரியலி, காமெனிட்சா, பிரெலெக் மூவரும் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லெகோ பிளாஸ்டிக் துண்டுகளைப் பொம்மையாகப் பூட்டினால் காசு. சிலருக்கு, முடித்த பொம்மைகளை மேஜையிலேயே விட்டுவைத்தார்கள். மற்றவர்களுக்கு, அடுத்ததைப் பூட்டும்போதே முந்தையதைக் கண்ணெதிரில் பிரித்துப் போட்டார்கள். முதல் கூட்டம் சராசரியாக 10.6 பொம்மை செய்தது, இரண்டாவது 7.2. கூலிக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: நான் டீம் லீட். எங்க ஆட்களுக்கும் புள்ளி, பேட்ஜ்னு வச்சா சரியாகுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அவர்கள் வேலையால் பயன்பெறும் ஆளைக் காட்டுங்கள். ஆடம் கிராண்ட் குழுவின் 2007 ஆய்வில், பல்கலைக்கழகத்துக்குப் போனில் நன்கொடை திரட்டியவர்கள், அந்தப் பணத்தில் படிக்கும் மாணவர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேல்.

கேள்வி: எனக்கு கேமே வெறுத்துப்போச்சு. பாறை வெட்டுறதுல லெவல் 92 வந்துட்டேன், 99-க்கு இன்னும் ஏழுதான்...

பதில்: ஏழு இல்லை, பாதி! 99-க்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். 92-ல் அதில் பாதிதான் சேர்ந்திருக்கும். பிடிக்கவில்லையென்றால் இன்றே நிறுத்துங்கள். யாரிடமும் ராஜினாமா கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் வேலை நிஜமாவே யாருக்கும் தேவையில்லைன்னா?

பதில்: அப்படியும் வேலைகள் உண்டு. உங்கள் மனசை நம்புங்கள். ஒரு காலத்தில் நான் வாராவாரம் ஓர் அறிக்கை தயாரித்தேன். ஒரு வாரம் நடுப்பக்கத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. மறுவாரமும் விட்டேன். அப்புறம் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடமே போனேன். "இதை யாரு சார் படிக்கிறாங்க?" என்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார். அறிக்கை அந்த மாதமே நின்றது. எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள். முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் அம்மா, பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.