ஸ்டென்ட் வைத்த பின்னும் மாரடைப்பு வருமா? இதயநோய் மருத்துவரின் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அடைத்த இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துக்கொண்டவர்கள் எழுதியவை. ஸ்டென்ட் வைத்த தேதியையும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதாமல் கேட்டால் பொதுவான பதிலைத்தான் தர முடியும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இந்த முறையும் பாதிப் பேர் எழுதவில்லை.

கேள்வி: ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இனி மாரடைப்பு வராது என்று நம்பலாமா? (கரூர்)

பதில்: நம்பக் கூடாது. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து குழாய் திடீரென்று மூடிக்கொள்ளலாம். முதல் ஆண்டில் நூற்றில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது, அதிலும் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே. ஸ்டென்டுக்குள் தழும்புபோலத் திசு வளர்ந்து குழாய் மெல்ல மெல்லச் சுருங்குவது இன்னொரு வழி. மருந்து பூசாத பழைய ஸ்டென்டுகளில் நான்கில் ஒருவருக்கு இது வந்தது, இப்போதைய மருந்து பூசிய ஸ்டென்டுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வருகிறது. மூன்றாவது வழியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டென்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கு முன்பின் இருக்கும். இதயத்தின் மற்ற ரத்தக்குழாய்களில் படிந்திருக்கும் கொழுப்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2011இல் வெளியான புராஸ்பெக்ட் ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் தொந்தரவு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது சிகிச்சை செய்த இடத்தில் வரவில்லை, வேறு இடத்தில் வந்தது.

கேள்வி: மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். ரத்தம் நிற்காது என்பதால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? (தஞ்சாவூர்)

பதில்: நிறுத்தக் கூடாது. இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதினாலும் அடுத்த மாதம் இன்னொருவர் கேட்கிறார். கேட்காமலே நிறுத்தியவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் விடியற்காலையில் சந்திக்கிறேன். ஸ்டென்ட் என்பது உலோகக் கம்பி வலை. அதன்மேல் ரத்தக்குழாயின் உட்படலம் வளர்ந்து மூடும்வரை, ரத்தத்தின் கண்ணுக்கு அது ஓர் அந்நியப் பொருள்தான். அதில் பூசிய மருந்து தழும்பு வளராமல் தடுக்கிறது. அதே மருந்து உட்படலம் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. அந்த மாதங்களில் ரத்தம் உறையாமல் காப்பவை இந்த இரண்டு மாத்திரைகள்தாம். நிறுத்திய ஒரு வாரத்தில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள், மாத்திரையின் பிடியில் சிக்காத புதியவையாக ரத்தத்தில் நிறைந்துவிடும். அப்போது ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் பெரிய மாரடைப்பாகவே முடிகிறது. அவர்களில் பிழைக்காதவர்கள் மூன்றில் ஒருவர் அளவுக்கு உண்டு.

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்துக் கடிக்கலாம், ஒரு தையல் போடலாம், ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலக் கரைசலால் வாய் கொப்பளிக்கலாம். இதயத்துக்குள் உறைந்த ரத்தத்துக்கு இப்படிக் கைவைத்தியம் எதுவும் கிடையாது. ஒரே நாளில் நான்கைந்து பற்களைப் பிடுங்காமல் ஒன்றிரண்டாகப் பிடுங்கச் சொல்லுங்கள். கண்புரை அறுவைக்கும் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. குடலிறக்கம் போன்று காத்திருக்கக்கூடிய அறுவைகளை, திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆறு மாதமும் மாரடைப்புக்காக வைத்தவர்கள் ஓர் ஆண்டும் தள்ளிப்போடுவது நல்லது. தள்ளிப்போட முடியாவிட்டால், அறுவை மருத்துவரும் இதயநோய் மருத்துவரும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும்; அவர்களுக்கு நடுவில் நோயாளி தூது போகக் கூடாது. பல்லுக்காக நிறுத்துபவர்களாவது ஒரு மருத்துவர் சொல்லி நிறுத்துகிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டதற்காகவும், மகள் கல்யாண அலைச்சலில் மாத்திரை தீர்ந்துபோனதற்காகவும், பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கஷாயம் சொன்னதற்காகவும் நிறுத்துபவர்களை என்னவென்று சொல்வது? ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா? (சேலம்)

பதில்: எடுக்கலாம். ஸ்டென்ட் வைத்தபோது மருத்துவமனையில் கொடுத்த ஸ்டென்ட் அட்டையை உடன் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று முதல் மாடி ஏறினால் மார்பு இறுக்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. இது வாயுத் தொல்லையா? (ஊர் எழுதவில்லை)

பதில்: ஐயா, உங்கள் கடிதம் என் கைக்கு வர ஆறு நாள் ஆயிற்று. இதைக் கடிதத்தில் கேட்கலாமா? ஏறினால் வந்து உட்கார்ந்தால் போகும் இறுக்கத்துக்கு வாயு என்று பெயரில்லை. ஸ்டென்டுக்குள் மறுபடியும் சுருங்கினால் பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள்தான் இப்படித் தெரியவரும். இதைப் படித்தவுடன் ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து, நாக்குக்கடியில் வைத்த சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரைக்கும் ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால், 108ஐ அழைக்க வேண்டும். இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்து போகக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம்.

கேள்வி: எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 96 என்று வந்திருக்கிறது. ஆய்வகச் சீட்டில் "நார்மல்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். கொழுப்பைக் குறைக்கச் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்தலாமா? (திருநெல்வேலி)

பதில்: அந்த "நார்மல்" மாரடைப்பே வராதவர்களுக்கு. ஸ்டென்ட் வைத்த உங்களுக்கு 55க்குக் கீழே இருக்க வேண்டும். நிறுத்துவது இருக்கட்டும், மருந்தைக் கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள்.

கேள்வி: வேகமாக நடந்தால் மட்டும் லேசாக வலி வருகிறது. ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்ப் படத்தில்) 70 சதவீத அடைப்பு. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிட்டால் மாரடைப்பைத் தடுத்துவிடலாம் என்கிறார் என் மகன். (கோயம்புத்தூர்)

பதில்: மாரடைப்பு நேர்ந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது. உங்களைப் போல நிதானமாக இருக்கும் வலிக்கு வைப்பது வேறு கணக்கு. 2007இல் வந்த கரேஜ் ஆய்வும் 2020இல் வந்த இஸ்கீமியா ஆய்வும், இத்தகையவர்களிடம் மாத்திரையோடு ஸ்டென்டும் சேர்ப்பதால் வலி குறைகிறது, மரணம் குறையவில்லை என்றே காட்டின. இடது முதன்மைக் குழாயில் அடைப்பு இருந்தாலோ, மாத்திரைக்கு வலி அடங்காவிட்டாலோ பேச்சு மாறும். எந்தக் குழாய் என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்கும் டிகாக்ரெலார் மாத்திரையை ஆரம்பித்ததிலிருந்து அவ்வப்போது மூச்சு வாங்குகிறது. நானே குளோபிடோக்ரெலுக்கு மாறிவிடட்டுமா? (புதுச்சேரி)

பதில்: ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும், பலருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் மூச்சு வாங்குவதற்கு மருந்துதான் காரணமா, இதயத்தின் பலவீனமா என்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்க வேண்டும். மாற்றுவதாக இருந்தாலும், முதல் நாள் எத்தனை மில்லிகிராம் என்பதற்குக் கணக்கு உண்டு. அதை மருத்துவர் போட வேண்டும்.

கேள்வி: எனக்கு மூன்று அடைப்பு, ஒரு ஸ்டென்ட். அடுத்து என்ன செய்ய வேண்டும்? (மதுரை)

பதில்: மற்ற இரண்டு அடைப்புகளும் எந்தக் குழாய்களில், எத்தனை சதவீதம், சர்க்கரை உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று எதையும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் பிரதியை அனுப்புங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.