அடையாள அட்டைப் படம் வாங்காதீர்கள்

நண்பரே, உங்கள் மாஸ்டடான் (தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்களால் ஆன சமூக வலைத்தளம்) சர்வரில் சேர்பவர்களின் வயதைச் சரிபார்க்க அடையாள அட்டைப் படம் கேட்கலாமா என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலிக்காக வேலை செய்த வெளி நிறுவனம் வழியாகச் சுமார் 70,000 பேரின் அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் செய்தி வந்ததே! தனி ஆளாக நீங்கள் எப்படிக் காப்பீர்கள்?

மாஸ்டடான் மென்பொருளின் 4.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுங்கள். நிர்வாகப் பக்கத்தில் குறைந்தபட்ச வயதைக் குறித்துவிட்டால், கணக்குத் தொடங்கும்போது பிறந்த தேதியைக் கேட்கும், சேமித்து வைக்காது. பொய்த் தேதி கொடுத்தாலும் உள்ளே விட்டுவிடும் என்பது உண்மைதான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ளது போன்ற கடுமையான வயதுச் சரிபார்ப்புச் சட்டங்களுக்கு இது போதாது. அங்கே ஒரு மீறலுக்கு 10,000 டாலர் வரை அபராதம். புளூஸ்கை என்ற பெரிய சமூக வலைத்தளமே 2025 ஆகஸ்டில் அந்த மாநிலத்துக்குச் சேவையை நிறுத்தியது. உங்கள் பயனர்கள் எந்த நாட்டினர் என்று சொல்லுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.