ஊட்டியில் போக்கர் திருவிழாவா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு அறை உள்ள தங்கும் விடுதி இருக்கிறது. கோவாவுக்குப் போய் போக்கர் என்கிற சீட்டாட்டம் ஆடிவரும் நண்பர்கள், "மே மாதம் ஊட்டியில் பத்து நாள் பெரிய போட்டித் தொடர் வைப்போம், குளுகுளுவென்று இருக்கும், கூட்டம் தானாக வரும்" என்கிறார்கள். ஹால் பிடித்து, விடுதியையும் கொடுக்கலாமா?
- கோத்தகிரி வாசகர்

பதில்: உங்கள் நண்பர்கள் குளிரைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். சீட்டாட உட்கார்ந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே தொட்டபெட்டா இருந்தால் என்ன, கார் ஷெட் இருந்தால் என்ன?

கல்யாணத்துக்கு வருகிறவர் முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். போக்கர் தொடருக்கு வருகிறவருக்கோ எப்போது கிளம்புவோம் என்று அவருக்கே தெரியாது. ஒருத்தர் முதல் நாள் மதியமே கையிலிருந்த பந்தயச் சில்லுகளையெல்லாம் விட்டு எழுந்துவிடுவார். இன்னொருத்தர் நாலாம் நாளும் ஆடிக்கொண்டிருப்பார். தோற்றவருக்கு அடுத்த போட்டி பக்கத்து ஹாலிலேயே இருக்க வேண்டும். இல்லையா, அன்று ராத்திரியே ஊர் திரும்ப வழி வேண்டும். லாஸ் வேகாஸில் நடக்கும் உலக போக்கர் தொடரையே பாருங்கள். 2005 முதல் பிரதான வீதியை விட்டுத் தள்ளியிருந்த ரியோ ஓட்டலில் நடந்தது. 2022-ல் அந்த வீதியிலேயே, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு ஓட்டல்களுக்கு மாற்றிவிட்டார்கள்.

நம் ஊரில்? கோவை விமான நிலையத்திலிருந்து ஊட்டிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். சீசனில் ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி உங்கள் ஊர் வழி. அந்த வரிசையை நீங்கள் வாசலிலிருந்தே பார்த்திருப்பீர்கள். இ-பாஸ் வேறு. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பு கட்டினார்கள். தவிர, மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்திலேயே உங்கள் பன்னிரண்டு அறையும் நிரம்பிவிடுமே. அதைச் சீட்டுக்காரர்களுக்குச் சலுகை விலையில் கொடுப்பானேன்?

அப்புறம் சட்டம். இதை நண்பர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். ரம்மியும் போக்கரும் சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது உண்மைதான். ஆனால் அது தமிழ்நாட்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தைப் பற்றிய வழக்கு. ரம்மியைத் திறமை விளையாட்டு என்ற 1968 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, இடம் நடத்துகிறவர் அந்த ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொல்கிறது. நுழைவுப் பணம் வாங்கி அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், ஹால் பிடித்து விடுதியையும் கொடுத்த நீங்கள்தான் முதலில் மாட்டுவீர்கள். அந்த ஆட்டம் கோவாவிலேயே இருக்கட்டும். அங்கே கேசினோவுக்கு உரிமம் உண்டு. வக்கீலைக் கேட்காமல் யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

ஆசை விடவில்லையென்றால் பிப்ரவரியில், சீசனுக்கு முன்னால், இரண்டு ராத்திரி நண்பர்களை மட்டும் கூப்பிடுங்கள். காசு வேண்டாம், தோற்றவர் காலை டீ போடட்டும். பேப்பர் சீட்டு மட்டும் வாங்காதீர்கள். ஒரு ஜூலையில் குன்னூரில் 'இருபத்தெட்டு' என்கிற சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தோம். ஜன்னல் வழியே மூடுபனி வந்து ஒரு மணி நேரத்தில் சீட்டு அப்பளம் போல நமுத்துப்போனது. கலைத்தால் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு வந்தது, அதில் பெரிய சீட்டான ஜாக்கி யாரிடம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பிளாஸ்டிக் சீட்டே வாங்குங்கள். பிளாஸ்டிக் தடை என்று தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிற செக்போஸ்ட்டில்கூட அதைக் கேட்க மாட்டார்கள்.