பேனலுக்கு மூன்றாவது கடன், எஞ்சினுக்கு யார்?

கேள்வி: என்னிடம் 1979-ல் தயாரான செஸ்னா 172 என்ற சிறு விமானம் இருக்கிறது. கடன் இல்லாமல் வாங்கியது. அதிலுள்ள லைகமிங் ஓ-320 எஞ்சின் கடைசி ஓவர்ஹாலுக்குப் (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பது) பிறகு 13 வருடத்தில் 1,170 மணி நேரம் ஓடியிருக்கிறது. வருடத்துக்கு 90 மணி பறக்கிறோம். அதில் 40 மணி என் மைத்துனர் ஓட்டுவது. எரிபொருளை அவரே நிரப்பிவிடுவார். ஜிபிஎஸ் நேவிகேட்டருக்கு ஒன்று, எஞ்சின் மானிட்டருக்கு ஒன்று என இரண்டு கடன் வாங்கியதில், விமானத்தின் விலையில் 14 சதவீதம் பாக்கி. இன்னும் மூன்று வருடத் தவணை. இப்போது பேனலில், அதாவது விமானியின் முன்னுள்ள கருவிப் பலகையில், இருக்கும் பழைய கடிகாரம் போன்ற கருவிகளை எல்லாம் கழற்றிவிட்டு இரண்டு பெரிய திரைகளும் ஆட்டோபைலட்டும் போடலாம் என்கிறார் மைத்துனர். மொத்தச் செலவு விலையில் 45 சதவீதம். கையில் 10 இருக்கிறது. மீதி 35-க்கு, 10 சதவீத வட்டியில் 10 வருட டாப்-அப் கடன் கிடைக்கும். விற்கும்போது விலை ஏறும் என்பதால் இதை முதலீடாகத்தானே பார்க்க வேண்டும்? தவணை கட்டிவிடுவேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

பதில்: மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இப்போதைய பேனலில் என்ன பழுது என்று ஒரு வரிகூட இல்லை. எஞ்சினுக்கென்று எடுத்து வைத்த பணம் பற்றியும் ஒரு வரி இல்லை. ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்தரச் சோதனை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

2,000 மணியில் 1,170 தான் ஆகியிருக்கிறது, இன்னும் 830 மணி பாக்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. லைகமிங் சொல்லும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் எஞ்சின் அந்தக் கோட்டைப் போன வருடமே தாண்டிவிட்டது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டும் விமானம் என்றால், நிலைமையைச் சோதித்துக்கொண்டே மேலும் ஓட்டப் பல நாடுகளில் அனுமதி உண்டு. ஓட்டுங்கள், தப்பில்லை. ஆனால் பணக் கணக்கில் அந்த எஞ்சின் தீர்ந்துபோனது.

விமானத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். இந்த ரக எஞ்சினைக் கழற்றி, பிரித்து, திரும்பப் பொருத்த 30 ஆகும் என்று பட்டறை எழுதிக் கொடுத்தால், 36 என்று குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் மவுண்ட், ஹோஸ்கள், மேக்னெட்டோ, சைலென்சர், சிலிண்டரைச் சுற்றிய பேஃபில் தகடுகள் எல்லாம் அந்த மதிப்பீட்டில் வராது. எஞ்சின் வெளியே வந்தபின் இவற்றைப் பழசாகவே திரும்ப மாட்ட எந்த மெக்கானிக்கும் விரும்பமாட்டார். பழைய எஞ்சினைக் கொடுத்து வேறொன்று வாங்கும் திட்டம் என்றாலும், திறந்து பார்க்கும்போது கிராங்க்ஷாஃப்ட் தேறவில்லை, எஞ்சினின் வெளிக்கூட்டில் விரிசல் என்றால், பழசுக்குக் கழித்த தொகையைத் திரும்பக் கேட்பார்கள்.

36-ஐ 2,000-ஆல் வகுத்து ஒரு மணிக்கு 0.018 என்று எடுத்து வைப்பது பயிற்சிப் பள்ளிக்குச் சரி. வருடத்துக்கு 90 மணி பறப்பவருக்கு 2,000 மணி முடிய 22 வருடம் ஆகும். நீங்கள் வகுக்க வேண்டியது 12-ஆல். வருடத்துக்கு 3. பதின்மூன்று வருடத்தில் 36-ம் சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்தது பூஜ்யம். ஆக உங்கள் கடன் 14 கிடையாது, 50. வங்கிக் கணக்கில் தெரிவது அதில் ஒரு பகுதி மட்டும்.

இதன்மேல் 35 வாங்கினால் புதுத் தவணை வருடத்துக்கு ஏறக்குறைய 5.5. பழையது 5.4. இரண்டும் சேர்ந்து 11. பத்து வருடத்தில் புதுக்கடனுக்கு மட்டும் 55 கட்டியிருப்பீர்கள். கையிலிருந்து போட்ட 10-ஐச் சேர்த்தால் 65. விற்கும்போது பேனலுக்குப் போட்ட 45-ல் பாதி திரும்பி வந்தாலே நல்ல பேரம். அதுவும் உடனே விற்றால். பத்து வருடம் கழித்து அந்தத் திரைகளும் பழசு. 1998-ல் வந்த ஜிஎன்எஸ் 430 என்ற ஜிபிஎஸ் நேவிகேட்டரை ஒரு காலத்தில் எல்லோரும் ஆசைப்பட்டு மாட்டினார்கள். இன்று அதைக் கழற்றத்தான் காசு கொடுக்கிறார்கள். வாங்க வருபவர் திரையைப் பார்த்துச் சிரிப்பார், பிறகு லாக்புக்கைத் திருப்பி ‘ஓவர்ஹால் எப்போது?’ என்று கேட்டு அங்கேதான் விலையைக் குறைப்பார். இதை முதலீடு என்று சொல்லிக் கொடுத்தவர் விற்பனையாளராக இருக்க வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முழு பேனல் வேலை என்றால் விமானம் இரண்டு மாதம், சில சமயம் நான்கு மாதம், நகராமல் நிற்கும். நாற்பது வருடத்து வயரிங்கைப் பிரித்தால் உள்ளே என்னென்ன வரும் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். லைகமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் எண்ணெய் கீழே வடிந்து, கேமும் லிஃப்டரும் காய்ந்து துருப்பிடிக்கும். மறுபடி ஓடும்போது அந்த இடம் பெயர்ந்து, இரும்புத் தூள் ஆயில் ஃபில்டரில் வந்து சேரும். தரையில் பத்து நிமிடம் ஓட்டி வைப்பது உதவாது. எண்ணெய் சூடாகாததால் ஈரம் உள்ளேயே தங்கும். எண்ணெய் 82 டிகிரி செல்சியஸ் தொட்டு ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும். ஆக, 13 வருட எஞ்சினை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க நீங்கள் 45 செலவழிக்கப் போகிறீர்கள்!

டாப்-அப் வேண்டாம். அந்த 5.5-ஐத் தவணை என்றே நினைத்து, எஞ்சினுக்கென்று தனியாக ஒரு கணக்கில் கட்டுங்கள். கையிலுள்ள 10 அதன் ஆரம்பம். மூன்று வருடத்தில் 26. அதற்குள் பழைய கடன் முடியும், அந்த 5.4-ம் சேர்ந்தால் நாலாம் வருட முடிவில் 37. வட்டியைச் சேர்க்கவில்லை, விலையேற்றத்துக்கு அது போய்விடும். பணத்தை வைப்பு நிதியில் வையுங்கள். எஞ்சின் எந்த மாதம் நிற்கும் என்று சொல்ல முடியாதபோது பங்குச் சந்தைத் திட்டத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது.

அதுவரை எஞ்சினைக் கண்காணிக்க, கடன் வாங்கி மாட்டிய மானிட்டரையாவது பயன்படுத்துங்கள். ஒவ்வொரு மாதமும் பதிவை இறக்கிப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பம் மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை போல மெதுவாக ஏறி இறங்கினால், எக்ஸாஸ்ட் வால்வு எரிய ஆரம்பித்திருக்கலாம்; போரோஸ்கோப் (சிலிண்டருக்குள் நுழைக்கும் சிறு கேமரா) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மணிக்கு ஒருமுறை அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம், ஒவ்வொரு முறையும் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது. உலோகத் துணுக்கு கண்ணில் பட்டால் நாலு வருடத் திட்டம் அன்றோடு மாறிவிடும்; அதற்குத்தான் அந்த 10-ஐத் தொடக்கூடாது.

பேனலில் ஒன்றே ஒன்று செய்ய விரும்பினால், பழைய ஜைரோ கருவிகளைக் காற்றை உறிஞ்சிச் சுழற்றும் வேக்கம் பம்ப் அடுத்து பழுதாகும்போது புதுப் பம்ப் வாங்காமல், சொந்த பேட்டரியோடு வரும் விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் சிறிய மின்னணுக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் உள்ளதா, வேலை முடிந்ததும் எடையும் சமநிலைக் கணக்கும் திருத்தி எழுதப்பட்டதா என்று பாருங்கள். கடன் இல்லாமல் முடியும்.

இனி மைத்துனர். எரிபொருள் மட்டும் போட்டால் அவர் பாதிக் காசுக்கு விமானம் ஓட்டுகிறார் என்று அர்த்தம். ஹேங்கர், இன்சூரன்ஸ், சோதனை சேர்த்து வருடத்துக்கு 9 என்று வைத்தால், 90-ல் 40 மணி ஓட்டுபவரின் பங்கு 4. எஞ்சின் பங்கு 1.3. மொத்தம் 5.3, கிட்டத்தட்ட உங்கள் பழைய கடனின் ஒரு வருடத் தவணை. உறவுக்குள் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். புதுப் பேனலை அவர் கேட்கத் தயங்கவில்லையே. ஆனால் மணிக்கு இவ்வளவு என்று கையில் வாங்காதீர்கள். அது வாடகையாகக் கருதப்பட்டால் சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம். விமானத்தின் பதிவில் பங்குதாரராகச் சேர்த்து மாதப் பங்கு வாங்குவதே சுத்தமான வழி. அவர் பெயர் பாலிசியில் பைலட்டாக இருக்கிறதா என்பதை இந்த வாரமே இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வரும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.