எஸ்எம்எஸ் காலத்திலிருந்து இன்றுவரை நீங்கள் மெசேஜ் அனுப்பும் பழக்கம் எப்படி மாறியிருக்கிறது?

என்னைவிட என் அம்மாவின் பழக்கம்தான் அதிகம் மாறியிருக்கிறது. ஆனாலும் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

2006இல் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது கையில் இருந்தது நோக்கியா 1100. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துதான் அடங்கும். 161 ஆனால் இரண்டு எஸ்எம்எஸ்ஸுக்கான காசு போய்விடும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, அதிலும் பாதியை விழுங்கிவிடுவோம். குறில், நெடில் எல்லாம் யார் பார்த்தார்கள்? ஒருமுறை நண்பன் 'பத்து மணிக்குப் பாடம்' என்று அனுப்பியதை நான் 'படம்' என்று படித்துவிட்டுத் தியேட்டர் வாசலில் போய் நின்றேன். (அன்றைக்கு வருகைப் பதிவும் போனது.)

தமிழிலேயே அடிக்கலாமே என்றால், அந்த போனில் தமிழ் கிடையாது. தமிழ் வந்த போன்களிலும் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான். அதுவும் நம் கணக்கில் 70 இல்லை. மெய்யின் புள்ளி, உயிர்மெய்யின் கொம்பு, கால் எல்லாமே தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து.

அப்போதெல்லாம் எஸ்எம்எஸ் பேக் போட்டால் தாராளமாக அனுப்பலாம். ஆனால் தீபாவளி, புத்தாண்டு அன்று பேக் செல்லாது. அதனால் முந்தின நாளே வாழ்த்து சொல்லி முடித்துவிடுவோம். 2011இல் விளம்பரத் தொல்லையை ஒழிக்கிறேன் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 என்று வரம்பு வைத்தது, பிறகு அதை 200 ஆக்கியது. காதலித்துக்கொண்டிருந்த அறைத்தோழனுக்கு இரண்டுமே போதவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அம்மா ஒரு எஸ்எம்எஸ்கூட அனுப்பியதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், தமிழ் நாளிதழை வரி விடாமல் வாசிப்பாள். ஆனால் நாங்கள் அடித்த ஆங்கில எழுத்துத் தமிழ் அவளுக்குப் பிடிபடவே இல்லை. எங்களுக்குள் மிஸ்டு கால்தான். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் கூப்பிடு.

2016இல் ஜியோ வந்து டேட்டா மலிந்தபின் என் பழைய ஸ்மார்ட்போனை அவளுக்குக் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு 2013இலேயே வந்துவிட்டது, நான் அதைத் தொட்டதில்லை. அம்மா நேராக அந்த மைக்கில்தான் விரலை வைத்தாள். முதல் பதிவு: "ஏல, இதுல பேசுனா உனக்குக் கேக்குமா?" விரலை எடுக்கத் தெரியாததால் அதற்குப் பிறகு அரை நிமிடம் குக்கர் விசிலும் கோழிச் சத்தமும்.

இப்போது தினமும் மூன்று நிமிடப் பதிவு வருகிறது. "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி விடுவாள். கடைசியில் "சரி, வச்சிரட்டுமா?" என்று கேட்பாள். நான் தமிழிலேயே தட்டி அனுப்புகிறேன். எழுத்தை எண்ணுவதில்லை, உண்மையில் 'ம்', 'சரிம்மா' என்பதைத் தாண்டுவதும் இல்லை. நீல டிக்கைப் பற்றி யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். "நீலம் விழுந்துட்டு, பதிலக் காணோமே" என்று அடுத்த பதிவு வந்துவிடுகிறது.

என் எஸ்எம்எஸ் பெட்டியில் இன்று ஓடிபியும் வங்கிக் கணக்கும்தான். ஆனால் அம்மா எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாலும் இன்னும் ஒரு ரிங் விட்டுத்தான் கட் செய்கிறாள். நானும் அதை எடுப்பதில்லை.