லீவுக்கு வன்னிக்குப் போகிறவர் என்ன புத்தகம் கொண்டுபோகலாம்?

கேள்வி: மார்கழி லீவுக்கு முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். தரம் 2 படிக்கும் மருமகள், சாதாரண தர (சா/த) வகுப்பில் மருமகன், வயல் செய்யும் அத்தான், 70 வயது அம்மா இருக்கிறார்கள். எல்லாருக்கும் புத்தகம் கொடுக்க விருப்பம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வாசிக்கவும் ஒன்று சொல்லுங்கள்.

பதில்:

மருமகனுக்கு மாதிரி வினாத்தாள் புத்தகம் மட்டும் வேண்டாம். அது வீட்டில் ஏற்கெனவே கிடக்கும். லீவுக்கு வந்த மாமாவும் அதையே நீட்டினால், புத்தகம் என்றாலே சோதனைதான் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைக் கொடுங்கள், அதுவும் முதல் பாகம் மட்டும். ஐந்தையும் கட்டாகக் கொடுத்தால் அலுமாரிக்குத்தான் போகும். ‘புதுவெள்ளம்’ முடிந்தால் அடுத்ததை அவனே கேட்பான். கதை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஏரியின் 74 கணவாய்களாலும் தண்ணீர் பாய்கிறது. கணவாய் என்பது தண்ணீர் திறந்துவிடுகிற எங்கள் குளத்துத் துருசுதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த அத்தியாயம் உடனே பிடிபடும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் இதை அச்சிடுகின்றன. சுருக்கிய பதிப்புகளும் உண்டு, ஆகவே உள்ளே முதல் பக்கங்களைப் பார்த்து வாங்குங்கள். அவனுக்குத் தடித்த புத்தகம் ஒத்துவராது என்றால் ‘குட்டி இளவரசன்’. பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வந்த க்ரியா பதிப்பைக் கேளுங்கள். இரண்டு பின்னேரத்தில் முடிந்துவிடும்.

மருமகளுக்கு இரண்டு புத்தகம் தேவை. அவளே எழுத்துக்கூட்டி வாசிக்க ஒன்று: 16 முதல் 24 பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, பெரிய எழுத்து. அதற்கு மேல் போனால் படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். ‘கத்தரி வெருளி’யை வாசித்துவிட்டு காகம் விரட்ட வளவுக்குள் நிற்கிற வெருளியையே போய்ப் பார்க்கலாம்.

மற்றது நீங்கள் வாசித்துக்காட்ட: ‘டோட்டோசான், ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் 1981இல் வெளிவந்தது. ஓடாத ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய பள்ளிக்கூடம் ஒன்றின் கதை. அத்தியாயங்கள் சின்னவை, படுக்கப்போகுமுன் ஒன்று போதும். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்கவேண்டும் என்பது தலைமை ஆசிரியரின் சொல். அந்த இடத்தில் நிறுத்தி, அன்று தான் சாப்பிட்டதில் எது கடல், எது காடு, எது வயல் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். ஒரு தோழனின் சாவு இடையில் வரும், கடைசியில் பள்ளிக்கூடம் குண்டுவீச்சில் எரிந்துபோகும். போரைக் கண்ட வன்னியில் இதை வாசிக்கும்போது பெரியவர்களுக்கும் தொண்டை அடைக்கும். நீங்கள் முன்கூட்டியே ஒருமுறை வாசித்துவையுங்கள்.

அத்தானுக்கு மசானபு ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. உழாமல், இரசாயன உரம் போடாமல் நெல் விளைவித்தவரின் புத்தகம். வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்பிக் கொடுப்பது பற்றிய பகுதி எங்கள் வயலுக்கும் யோசிக்கத் தக்கது. ஆனால் அவர் நெல் விதையை மண் உருண்டையாக்கி, குளிர்காலத் தானியம் வயலில் நிற்கும்போதே வீசினார். எங்களுக்குக் காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு நெற்போகம்தான், அந்தக் குளிர்காலப் பயிர் கிடையாது. அதனால் அப்படியே எடுத்துச் செய்யப்போனால் புல்லுத்தான் மேலோங்கும். இதைச் சொல்லியே கொடுங்கள். செய்து பார்ப்பதென்றாலும் கால் ஏக்கருக்கு மேல் வேண்டாம்.

அம்மாவுக்கு தாமரைச்செல்வியின் ‘வன்னியாச்சி’. சிறுகதைகள், ஒரு மூச்சில் ஒன்று முடியும், எழுதியவரும் இந்த மண்ணைச் சேர்ந்தவர். உள்ளே போரும் இடப்பெயர்வும் வரும். வீட்டில் யாரையேனும் பறிகொடுத்திருந்தால், கொடுக்கலாமா என்று முதலில் அக்காவிடம் கேளுங்கள். கடையில் எழுத்தின் அளவைப் பாருங்கள். புத்தகத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்து உங்களாலேயே சிரமமின்றி வாசிக்க முடியாவிட்டால் அம்மாவால் முடியாது.

உங்களுக்கு அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்தது. முல்லைத்தீவின் தண்ணிமுறிப்புக் காடும் குளமும் மனிதரும் அதற்குள் இருக்கிறார்கள். வன்னியைப் பற்றி ஒரே ஒரு நாவல் என்று கேட்டால் என் கை இதைத்தான் எடுக்கும். பதஞ்சலி என்ற அந்தப் பெண் லேசில் மனதை விட்டுப் போகமாட்டாள். அச்சுப் பிரதி அகப்படாவிட்டால் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். பக்கங்கள் படமாக இருப்பதால் கோப்பைப் புறப்படுமுன்னரே இறக்கிவைத்து, போனைக் கிடையாகத் திருப்பி வாசியுங்கள்.

கொழும்பில் செட்டியார் தெருவிலோ யாழ்ப்பாணத்திலோ பூபாலசிங்கம் புத்தகசாலையில் கேட்டுப் பாருங்கள். போகுமுன் போன் எடுத்து இருப்பைக் கேளுங்கள். இந்தியப் புத்தகங்களில் அச்சிட்டிருப்பது இந்திய ரூபாய். எத்தனையால் பெருக்குகிறார்கள் என்பது கடைக்குக் கடை மாறும்.

பணம் கொடுக்குமுன் பக்க எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரமாக, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடித்த ஒரு கட்டாக, வரும். 32க்குப் பிறகு 49 வந்தால் நடுவில் ஒரு பாரம் கழன்றுபோயிருக்கிறது, 17 மறுபடி வந்தால் ஒரு பாரம் இரட்டித்திருக்கிறது. நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். நூல் தையல் தெரிந்தால் நல்லது. வெறும் பசை என்றால் முதுகை மடக்கி வாசிக்கவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

மார்கழி மழைக்காலம். பஸ்ஸில் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் வீட்டில் அந்தப் பைக்குள்ளேயே விடவேண்டாம், உள்ளே ஈரம் பூத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டியோ சீமெந்துத் தரையிலோ வைக்காமல் அலுமாரியில் நிறுத்தி வையுங்கள். இடையிடையே வேப்பிலை வைக்கலாம், நன்றாகக் காய்ந்ததாக இருக்கவேண்டும். பச்சை இலை கறைபிடிக்கும். நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், அட்டை வளைந்துவிடும். 20 பக்கத்துக்கு ஒரு பேப்பர் செருகி மின்விசிறிக் காற்றில் விடுங்கள். பிள்ளையின் படப்புத்தகம் வழவழப்புத் தாள் என்றால் ஈரமாக இருக்கும்போதே பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும், காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிறகு கிழியும்.

உள்ளே அவரவர் பெயரெழுதிக் கொடுங்கள். ஜெல் பேனையில் எழுதினால் ஈரத்துக்கு ஊறிப் பரவக்கூடும், குமிழ்முனைப் பேனையே நல்லது.