உறைபனியில் ஹைட்ரஜன் வண்டி: வெளியே விழும் தண்ணீரை என்ன செய்வது? (கேள்வி பதில்)

ஹைட்ரஜன் வண்டிக்குள் ஹைட்ரஜனையும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுப்பது எரிபொருள் கலம்; அதில் மிஞ்சுவது தண்ணீர். அந்தக் கலங்களைக் குளிர் அறையில் வைத்து, உறைய விட்டு, மறுபடி கிளப்பிப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. ஹைட்ரஜன் கார் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் குளிர்காலத் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். புகையே வராத வண்டிக்குப் புகைக்குழாய் என்று எழுத மனம் வரவில்லை. அதனால் தண்ணீர் வெளியேறும் குழாயை நீர்க்குழாய் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், ஹைட்ரஜன் கார் எவ்வளவு தண்ணீர் விடும்? குளிர்ப் பிரதேசத்தில் எல்லோரும் இதையே ஓட்டினால் சாலை முழுக்கப் பனிக்கட்டி ஆகிவிடாதா?

பதில்: கணக்கு எளிது. 1 கிலோ ஹைட்ரஜன், காற்றிலிருக்கும் 8 கிலோ ஆக்சிஜனோடு சேர்ந்தால் 9 கிலோ தண்ணீர். கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 9 லிட்டர் தண்ணீர். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் அதை ஓடிய தூரத்துக்குப் பிரித்துப் பாருங்கள்: ஒரு மீட்டருக்கு இரண்டு சொட்டுகூட வராது. அதிலும் ஒரு பகுதி ஆவியாகவே போய்விடும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தாலும் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் கார் 7 லிட்டர் தண்ணீரைத்தான் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் சாலை உறைந்துபோகிறது என்று யாரும் சொன்னதில்லை. எனவே ஓடுகிற கார்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நிற்கிற வண்டிகளைப் பற்றித்தான் கவலை. அதற்குக் கீழே வருகிறேன்.

கேள்வி: அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், பெட்ரோல் கார் சொட்டுவதில்லையே, ஹைட்ரஜன் கார் மட்டும் ஏன் சொட்டுகிறது?

பதில்: வெப்பநிலைதான் காரணம். பெட்ரோல் எஞ்சின் விடும் புகை நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் வருகிறது. தண்ணீர் முழுக்க ஆவியாக வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். எரிபொருள் கலம் வேலை செய்வது 60லிருந்து 80 டிகிரிக்குள். 60 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 130 கிராம் நீராவியைத் தாங்கும். அதுவே 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது, மைனஸ் 20ல் 1 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே ஈரம் நிறைந்த அந்தக் காற்று குழாயின் குளிர்ந்த சுவரைத் தொட்டதுமே, சுமக்க முடியாத தண்ணீரைக் கீழே போட்டுவிடுகிறது. மீதி வெளியே வந்ததும் வெள்ளைப் புகைபோலத் தெரிகிறது. பயப்பட வேண்டாம், வெறும் பனிமூட்டம்தான்.

அதற்காகப் பெட்ரோல் கார் சொட்டவே சொட்டாது என்று நினைக்காதீர்கள். குளிர்காலக் காலையில் அப்போதுதான் கிளப்பிய காரின் பின்னால் போய்ப் பாருங்கள். சைலன்சர் சூடாகும்வரை அதுவும் சொட்டும்.

கேள்வி: என் பிரச்சினை வீட்டு ஷெட்தான். காலையில் காரின் பின்பக்கம் தரையில் தட்டு அளவுக்குப் பனிக்கட்டி. நேற்று என் கணவர் அதில் கால் வைத்து வழுக்கிவிட்டார். நல்லவேளை, அடிபடவில்லை.

பதில்: அடிபடாமல் போனதில் நிம்மதி. நான் மேலே சொன்ன கவலை இதுதான். கிலோமீட்டர் கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சிந்தினால் தொல்லை இல்லை. கால் லிட்டர் தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து, அங்கேயே இரவு முழுக்கக் கிடந்தால் அது கண்ணாடி மாதிரி இறுகிவிடும். தெளிந்த தண்ணீர் என்பதால் கண்ணுக்கும் தெரியாது.

நிறுத்தும் நேரத்தில் தண்ணீர் அதிகம் விழுவதற்கும் காரணம் உண்டு. வண்டியை அணைத்ததும், உள்ளே இருக்கும் ஈரத்தைக் காற்றால் ஊதி வெளியே தள்ளிவிட்டுத்தான் அது தூங்கப் போகும். வீட்டுக்குள் கொண்டுவந்து அணைத்தால், அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் விழும்.

டொயோட்டா மிராய் வண்டியில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. அதன் மேல் H₂O என்றே போட்டிருக்கும். ஷெட்டுக்குள் நுழையும் முன்பே அதை அழுத்தினால் தேங்கிய தண்ணீரை அங்கேயே கொட்டிவிடும். உங்கள் வண்டியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால், வீட்டு வாசலில் வந்து அழுத்தாதீர்கள். ஆள் நடக்காத, தண்ணீர் வடிந்து ஓடும் இடமாகப் பார்த்து, தெருமுனையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். ஷெட் தரையில் நீர்க்குழாய்க்கு நேர் கீழே ஓரம் தூக்கிய ரப்பர் தட்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். தண்ணீர் உறைந்தாலும் தட்டுக்குள்ளேயே கிடக்கும், காலையில் எடுத்துக் கவிழ்த்துவிடலாம்.

கேள்வி: தட்டு எதற்கு? குழாயிலேயே ஒரு கேனைக் கட்டிவிட்டால் சொட்டுகூடக் கீழே விழாதே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் குழாய் வழியாக வருவது தண்ணீர் மட்டும் இல்லை. கலத்தின் ஹைட்ரஜன் பக்கத்தில் சேரும் நைட்ரஜனையும் ஈரத்தையும் வெளியேற்ற வண்டி அவ்வப்போது ஒரு வால்வைத் திறக்கும். அப்போது கொஞ்சம் ஹைட்ரஜனும் நிறையக் காற்றோடு கலந்து அதே வழியில் வெளியே போகும். கேனைக் கட்டியோ துணியைத் திணித்தோ அடைத்தால் அந்தக் காற்றோட்டம் கெடும். கேன் உறைந்துவிட்டால் குழாயே அடைபடும். தட்டு திறந்த தட்டாகவே இருக்கட்டும். ஷெட்டின் மேல்பக்கத்தில் காற்று போக வழியும் இருக்கட்டும், ஹைட்ரஜன் மேலே ஏறும் வாயு.

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு, பூட்டி நிறுத்திய கார் தானாக "ஊஊ" என்று சத்தம் போடுகிறது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களோ என்று வெளியே ஓடி வந்து பார்த்தேன். பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை. இந்த வண்டிகளில் பலவும் நிறுத்திய பிறகும் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். உறைநிலையை நெருங்குகிறது என்று தெரிந்தால் காற்று அழுத்தியை (கம்ப்ரசர்) தானே ஓட்டி, மிச்ச ஈரத்தை ஊதித் தள்ளும். நீங்கள் கேட்டது அதன் சத்தமாக இருக்கும். தானாக நின்றுவிடும், இடையில் குறுக்கிட வேண்டாம். அந்த ஊதலிலும் கொஞ்சம் தண்ணீர் விழும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பார்த்தபோது உலர்ந்து கிடந்த தரை காலையிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிக் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஈரத்தை எதற்கு இவ்வளவு மெனக்கெட்டு ஊத வேண்டும்? உள்ளே உறைந்தால் அப்படி என்ன ஆகும்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கலத்தின் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. அதன் இருபுறமும் பிளாட்டினம் கலந்த வினையூக்கிப் பூச்சு, அதை ஒட்டித் துளைகள் நிறைந்த கரித்தாள், அதற்கும் வெளியே வாயு ஓடும் நுண்ணிய வாய்க்கால்கள். இப்படி நூற்றுக்கணக்கான கலங்களை அடுக்கியதுதான் ஸ்டாக். முதல் தலைமுறை மிராயில் 370 கலங்கள், இரண்டாவதில் 330. ஆக்சிஜன் பக்கத்தில்தான் தண்ணீர் பிறக்கிறது. அது அந்தத் துளைகளில் நின்று உறைந்தால் 9 சதவீதம் பெருத்து, பூச்சை உரித்துவிடும். உரியாவிட்டாலும், பனி அடைத்த துளை வழியாக ஆக்சிஜன் போக முடியாது.

அப்படியானால் முழுக்கக் காயவைத்துவிடலாமே என்று கேட்பாய். அதுவும் ஆகாது. சவ்வுக்குள் ஈரம் இருந்தால்தான் ஹைட்ரஜனிலிருந்து பிரியும் புரோட்டான் அதைக் கடந்து ஆக்சிஜன் பக்கம் போகும். எலும்பாக உலர்த்திவிட்டால் காலையில் மின்சாரமே எடுக்க முடியாது, சவ்விலும் விரிசல் விழத் தொடங்கும். இயற்கை இங்கே நமக்குக் கொஞ்சம் உதவுகிறது: சவ்வின் மிகக் குறுகிய துளைகளுக்குள் சிக்கிய தண்ணீர் 0 டிகிரிக்கு நன்றாகக் கீழேயும் உறையாமல் இருக்கும். ஆகவே வாய்க்காலிலும் கரித்தாளிலும் நிற்கிற தண்ணீரைத் துரத்த வேண்டும், சவ்வுக்குள் இருப்பதை விட்டுவைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் எங்கள் வேலை முழுவதும்.

ஒருமுறை ஊதும் நேரத்தை நான் குறைத்து வைத்துவிட்டேன். மறுநாள் காலை மைனஸ் 15ல் கிளப்பியபோது திரையில் கலங்களின் மின்னழுத்தக் கோடுகள் ஒன்றாக ஏறின. கடைசி இரண்டு மட்டும் மேலே போகாமல் தயங்கி, சரிந்து, பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டன. உடனே நிறுத்தினேன். ஓரத்துக் கலங்கள்தான் எப்போதும் அதிகம் குளிரும், அவற்றின் சூட்டைக் கனமான முனைத்தட்டு உறிஞ்சிவிடும். பிரித்துப் பார்த்தபோது வாய்க்கால்களில் வெள்ளை நூல் இழைத்த மாதிரி உறைபனி. அந்த இழைகள் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

கேள்வி: (அதே மாணவர்) மைனஸ் 20ல் கிளப்பும்போது பிறக்கிற புதுத் தண்ணீர் உடனே உறைந்துவிடாதா அக்கா?

பதில்: உறையும். அதனால் அது ஓர் ஓட்டப்பந்தயம்: துளைகளைப் பனி அடைப்பதற்குள் கலம் 0 டிகிரியைத் தாண்டிவிட வேண்டும். அதற்கு ஒரு வழி, வேண்டுமென்றே திறன் குறைவாக ஓட்டுவது. காற்றைக் குறைத்துக் கொடுத்தால் கலத்தின் மின்னழுத்தம் இறங்கும். மின்சாரமாகாத ஆற்றல் சூடாக மாறி ஸ்டாக்கை உள்ளிருந்தே காய்ச்சும். ஆரம்பகால வண்டிகள் உறைபனியில் கிளம்பவே திணறின. ஹோண்டா 2003ல் மைனஸ் 20லும், டொயோட்டா 2008ல் மைனஸ் 30லும் கிளம்பும் வண்டிகளைக் காட்டின. அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

கேள்வி: ஷெட்டிலிருந்து காரை எடுத்துத் தெருவில் போட்டு உடனே அணைத்துவிடுவது என் பழக்கம். இரண்டு நிமிட வேலைதானே, தப்பா?

பதில்: கடுங்குளிரில் அந்த இரண்டு நிமிடம்தான் வண்டிக்கு மிகவும் கெடுதல். தண்ணீர் பிறந்துவிட்டது, அதை ஆவியாக்கும் சூடு இன்னும் வரவில்லை. ஸ்டாக்கிலும் வடிகால் வால்விலும் ஈரத்தோடு வண்டி தூங்கப் போகும். கிளப்பினால் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: நீர்க்குழாயின் முனையில் பனிக்கட்டி தொங்குகிறது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். ஊற்றிய தண்ணீரே கீழே போய் இன்னொரு பனித்தட்டு ஆகும். கையுறை போட்டுக்கொண்டு மெல்லத் தட்டி எடுங்கள், கம்பியை உள்ளே விட்டுக் குத்தாதீர்கள். தினமும் முனை அடைபடுகிறது என்றால் பணிமனையில் காட்டுங்கள்.

கேள்வி: பேருந்து நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஹைட்ரஜன் பேருந்துகள் வரப்போகின்றன. டிப்போவில் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: பேருந்தின் கணக்கே வேறு. 100 கிலோமீட்டருக்கு 8 கிலோ ஹைட்ரஜன் என்று வைத்தாலும் 72 லிட்டர் தண்ணீர். ஆவியாகப் போவது போக மிச்சம், ஒரே நிறுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பேருந்துகளிலிருந்து, பயணிகள் ஏறி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழுமானால் ஆபத்து. வாங்கும் முன்பே கேளுங்கள்: ஈரக்காற்று கூரை வழியாகப் போகிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது, நிறுத்தங்களில் வடிகால் வால்வு திறக்காமல் பிடித்துவைத்து ஓடும்போது மட்டும் விட முடியுமா, அந்த வால்வுக்கும் குழாய்க்கும் சூடேற்றி உண்டா. டிப்போவில் நிறுத்தும் வரிசைக்குக் கீழே சாய்வும் மூடிபோட்ட வாய்க்காலும் வேண்டும், அந்த வாய்க்கால் உறையாமலும் இருக்க வேண்டும். உப்பை மட்டும் நம்பாதீர்கள். சுத்தமான தண்ணீர் மேலே விழுந்துகொண்டே இருந்தால் உப்புக் கரைசல் நீர்த்து, மறுபடி உறையும்.

கனடாவின் விஸ்லரில், 2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி 20 ஹைட்ரஜன் பேருந்துகளைப் பனிமலை ஊரில் ஓட்டினார்கள். குளிர் இடத்தில் ஓட்டவே முடியாது என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: அப்பல்லோ விண்கலங்களில் எரிபொருள் கலம் தந்த தண்ணீரைத்தான் வீரர்கள் குடித்தார்கள். ஆனால் அது அதற்கென்றே வடிவமைத்த அமைப்பு. சாலைத் தூசி படிந்த குழாயிலிருந்து வருவதைக் குடிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எங்கள் அம்மாவுக்கு எழுபது வயது. தினமும் காலையில் காரின் பின்பக்கமாகச் சுற்றித்தான் வெளியே போவார்கள். எவ்வளவு சொன்னாலும் அந்த வழிதான். என்ன செய்யலாம்?

பதில்: அம்மாவின் வழியை மாற்ற வேண்டாம், வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். முதலில் உங்கள் காரில் தண்ணீர் சரியாக எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். ஓட்டி வந்து அணைத்ததும் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடம் சுவர் பக்கமாகவோ வடிகால் பக்கமாகவோ வரும்படி, தேவைப்பட்டால் பின்னோக்கி ஓட்டி நிறுத்துங்கள். குளிர் முடியும்வரை, அம்மா எழுந்திருக்கும் முன்பு ஒரு பிடி மணலை அவர்கள் நடக்கும் வழியில் தூவிவிடுங்கள். மணல் எந்தக் குளிரிலும் பிடிப்புக் கொடுக்கும்.